முடிவில்லாமல் 255 தரும் சாதனக் கோப்பைக் கெர்னலுக்குள் வைக்கலாமா?

கேள்வி:

மைக்ரோகண்ட்ரோலர்களுக்கான ஃபர்ம்வேர் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தால் அதன் பிட்டுகள் எல்லாம் 1 ஆகிவிடும் என்பதால், இமேஜ் கோப்பில் மீதமிருக்கும் இடத்தை 255 என்ற மதிப்புள்ள பைட்டுகளால் நிரப்புவது எங்கள் வழக்கம். லினக்ஸில் உள்ள /டெவ்/ஜீரோ என்ற சாதனக் கோப்பு (கோப்பைப் போலவே படிக்கவும் எழுதவும் கூடியது, பின்னால் இருப்பதோ கெர்னல்) 0 மட்டுமே தருகிறது. ஆகவே, படிக்கப் படிக்க 255 தந்துகொண்டே இருக்கும் /டெவ்/ஒன்ஸ் என்ற சாதனத்தைச் சிறிய கெர்னல் மாட்யூலாக (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து இயங்கும் நிரல்துண்டாக) எழுதினேன். அறுபது வரிகூட வரவில்லை, நன்றாகவும் வேலை செய்கிறது. இதைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பப்போகிறேன் என்றதும் உடன் பணிபுரிபவர் சிரித்துவிட்டார். /டெவ்/நல், /டெவ்/ஜீரோ, /டெவ்/ஃபுல் ஆகியவற்றுக்குக் கெர்னலில் இடம் உண்டென்றால், இதற்கு மட்டும் ஏன் இல்லை?

மறுமொழி 1:

உங்கள் தேவைக்கு மாட்யூலே வேண்டியதில்லை. /டெவ்/ஜீரோவை, ஒரு பைட்டுக்குப் பதில் இன்னொன்றைப் போடும் 'டிஆர்' கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுத்து, 0 வரும் இடத்தில் ஆக்டல் (எட்டடிமான) முறையில் 377, அதாவது 255, போடச் சொல்லி, 'ஹெட்' கட்டளையால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதுவும் ஃபர்ம்வேர் என்றால், இடைவெளியை எந்தப் பைட்டால் நிரப்புவது, எந்த முகவரி வரை நீட்டுவது என்று 'ஆப்ஜ்காப்பி' கட்டளையிடமே சொல்லிவிடலாம்.

மறுமொழி 2:

சிரித்திருக்க வேண்டாம், கேள்வி நியாயமானதே. நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் லினக்ஸ் மூலநிரலில் 'மெம்.சி' என்ற ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. /டெவ்/நல்லில் எழுதும் செயற்கூறு, தன்னிடம் எத்தனை பைட்டுகள் வந்தனவோ அந்த எண்ணிக்கையைத் திருப்பித் தருவதோடு சரி. /டெவ்/ஃபுல்லில் எழுதும் செயற்கூறு 'இடமில்லை' என்ற பிழையைத் தருகிறது. இவ்வளவு சிறியவற்றைப் பார்க்கும்போது எதை வேண்டுமானாலும் இங்கே வைக்கலாம் போலத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால், இவற்றில் /டெவ்/ஃபுல் செய்வதைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாக்கும் வழி) மூலம் ஒரு சாதாரண நிரலால் செய்ய முடியாது. பைப்பின் மறுமுனையில் எந்த நிரலை உட்கார வைத்தாலும், எழுதுகிற நிரலுக்கு 'பைப் உடைந்துவிட்டது' என்ற பிழை வருமே தவிர, 'வட்டில் இடமில்லை' என்ற பிழை வராது. அந்தப் பிழையின் பயனை அறிய வேண்டுமானால், 'பிரிண்ட்எஃப்' மூலம் ஒரு வரியை மட்டும் அச்சிட்டு 0 திருப்பித் தரும் சி நிரலை எழுதி, அதன் வெளியீட்டை /டெவ்/ஃபுல்லுக்குத் திருப்பிப் பாருங்கள். அந்த வரி பஃபர் என்ற தற்காலிக நினைவகத்திலேயே தங்கியிருந்து, நிரல் முடியும் தறுவாயில்தான் எழுதப்படுகிறது. அப்போது நேரும் தோல்வியை யாரும் கவனிப்பதில்லை. நிரல் 0 என்ற நிலையோடு, எல்லாம் நலமே என்று முடிந்துவிடுகிறது.

/டெவ்/ஜீரோவின் கதை வேறு. 1980களின் இறுதியில் வந்த சன்ஓஎஸ் 4இல், 0 நிரம்பிய புதிய நினைவகத்தைப் பெற, கோப்பை நினைவகத்தோடு இணைக்கும் 'எம்மேப்' அழைப்பில் அந்தக் கோப்பைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பைட்டுகளைக் கொட்டுவது கூடுதல் வசதி. கோப்பே இல்லாமல் நினைவகம் பெறும் வழி பின்னர் வந்துவிட்டாலும், எண்ணற்ற ஸ்கிரிப்டுகள் நம்பியிருப்பதால் அதை இனி எடுக்க முடியாது. உங்கள் சாதனத்தைச் சேர்த்தாலும் அதே நிலைதான்: அறுபது வரியை எழுதியவர் போன பிறகும் பராமரிப்பவர் சுமக்க வேண்டும். இன்று 255 வந்தால், நாளை மீதி 254 பைட்டுகளுக்கும் ஆளுக்கொருவர் கேட்டு வருவார்கள்.

மறுமொழி 3:

முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கெர்னல் செய்ய வேண்டிய வேலையாகவே இருந்தாலும், அதைச் சாதனக் கோப்பாகத் தர வேண்டும் என்பதில்லை. தற்போக்கு பைட்டுகளைத் தரும் /டெவ்/யுரேண்டம் இதற்கு நல்ல சான்று. நிரலை ஒரு கோப்புறைக்குள்ளேயே அடைத்து வைக்கும் 'சிரூட்' சூழலில் அந்தக் கோப்பே இல்லாமல் போகலாம். திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு தீர்ந்திருந்தால் கோப்பு இருந்தும் திறக்க முடியாது. அதனால்தான் 2014இல் லினக்ஸ் 3.17இல் 'கெட்ரேண்டம்' என்ற தனி அழைப்பைக் கொண்டுவந்தார்கள்.

கோப்பு என்றால் அது அழியவும் கூடும். ஒருமுறை ரூட் பயனராக இருந்துகொண்டு, ஒரு கருவியின் வெளியீட்டுக் கோப்பாக /டெவ்/நல்லைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கருவிக்கோ பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதும் பழக்கம். சற்று நேரத்தில் மற்ற பயனர்களுக்கெல்லாம் '/டெவ்/நல்: அனுமதி இல்லை' என்ற செய்தி வரத் தொடங்கியது. போய்ப் பார்த்தால், முன்பு கேரக்டர் சாதனத்தைக் குறிக்கும் 'சி' எழுத்தில் தொடங்கிய அனுமதி வரி சாதாரணக் கோப்புக்குரிய கோட்டில் தொடங்கியிருந்தது. அதை நீக்கி, சாதனக் கோப்பை உருவாக்கும் 'எம்கேநோட்' கட்டளையில் /டெவ்/நல்லைக் குறிக்கும் 1, 3 என்ற எண்களைக் கொடுத்து மீண்டும் உருவாக்கி, அனுமதியை 666 (எல்லாரும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

மறுமொழி 4:

ஏதோ ஒரு கருவி கோப்புப் பெயரைத்தான் கேட்கிறது, பைப்பை ஏற்காது என்றால் மட்டும் 'கியூஸ்' வசதியைப் பாருங்கள். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.31 முதல், சாதாரண நிரலாகவே ஒரு கேரக்டர் சாதனத்தை எழுதிவிட அது இடம் தருகிறது. மாட்யூலில் பிழை நேர்ந்தால் கணினியே நின்றுவிடக்கூடும். இதில் அந்த நிரல் மட்டுமே விழும்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. 'ஆப்ஜ்காப்பி' போதுமானதாக இருக்கிறது, மாட்யூலை நீக்கிவிட்டேன். இமேஜ் கோப்பைத் தொகுக்க நாங்களே எழுதி வைத்திருக்கும் கருவியின் வெளியீட்டை, நேற்றிரவு /டெவ்/ஃபுல்லுக்குத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பைட்கூட எழுதப்படாத நிலையில், பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டில் 'இமேஜ் தயார்' என்று அச்சிட்டுவிட்டு 0 என்ற நிலையோடு முடிந்தது. இப்போது அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.