தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஜெர்மனியா?

தொப்பூர்க் கணவாய்:
டேலி கணக்கு மென்பொருள் பற்றிய இழையில் "மாங்கூழ்" என்ற பெயரில் எழுதும் நண்பர் நேற்று இப்படி அருளியிருக்கிறார்:

//தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் எதுவானாலும் சரி, நம் திரை அப்படியே ஜெர்மனிக்குப் போய்த்தான் திரும்புகிறது. காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்துத் தெருக் கணினியைத் திறந்தாலும் அதே கதைதான். அதனால்தான் எங்கள் ஆலைக் கணக்கை எந்த சர்வீஸ்காரருக்கும் திறந்து காட்டுவதில்லை.//

இதற்கு வரிசையாக "ஆமாம், ஆமாம்" போட்டவர்கள் வேறு. தருமபுரியில் கணினி சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். காலையில் கடையைத் திறந்தால் பென்னாகரம் முதல் பர்கூர் வரை உள்ள கணினிகள் என் மேசையில்தான் திறக்கின்றன. என் வாயில் மண் போடுகிற இந்தப் பேச்சுக்கு ஆதாரம் என்ன? பர்கூர் ஜவுளிக்கடையின் பில் ஜெர்மனி போய் வருகிறதென்றால் அதற்கு விசா எடுத்துக் கொடுப்பது யார்?

மாங்கூழ்:
கோபம் வேண்டாம், பதில் சொல்லுங்கள். டீம்வியூவர் எந்த ஊர் நிறுவனம்? ஜெர்மனியின் கோப்பிங்கன். எனிடெஸ்க் எந்த ஊர்? ஸ்டுட்கார்ட், அதுவும் ஜெர்மனி. இரண்டும் ஒரே மாநிலம்கூட. நீங்கள் தினமும் திறப்பது இவற்றில் ஒன்றைத்தானே? அப்புறம் எங்கே போகிறது, ஏரியூருக்கா?

தொப்பூர்க் கணவாய்:
நிறுவனம் இருக்கிற ஊரும் தரவு போகிற ஊரும் ஒன்று என்று யார் உங்களுக்குச் சொன்னது? உலகம் முழுக்க இவர்களுக்குச் சர்வர்கள் உண்டு. அதை விடுங்கள், வேலை நடக்கிற விதத்தையே சொல்கிறேன், மெதுவாகப் படியுங்கள்.

மென்பொருளைத் திறந்ததும் உங்கள் கணினி நிறுவனத்தின் சர்வரிடம் "நான் விழித்திருக்கிறேன், என் எண் இது" என்று சொல்லி வைக்கிறது. நான் அந்த எண்ணைத் தட்டினால் சர்வர் நம் இருவரையும் அறிமுகப்படுத்துகிறது. கல்யாணத் தரகர் வேலை. அறிமுகம் ஆனபின் இரண்டு மோடங்களையும் தாண்டி நேரடியாகப் பேச முடியுமா என்று இரு கணினிகளும் முயன்று பார்க்கின்றன. முடிந்தால் தரகருக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் திரை உங்கள் ஆலையிலிருந்து என் கடைக்கு நேராக வருகிறது. ஜெர்மனி இல்லை. இதில் எந்த வரி புரியவில்லை?

பாலக்கோடு தக்காளி:
எங்கள் பக்கத்துத் தரகர் பிள்ளை பிறந்து காதுகுத்து வரைக்கும் வீட்டை விட்டுப் போனதில்லை.

மாங்கூழ்:
//முடிந்தால்//

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. முடிந்தால் நேராக. முடியாவிட்டால்? ஜெர்மனி!

ஓசூர் ஆலைக்காரன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இருவரும் எந்த மென்பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். "எதுவானாலும் சரி" என்பதே தவறு. விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இடைத்தரகரே கிடையாது. 3389 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட வாசலில், ஒரு கணினி இன்னொன்றை நேரடியாகக் கூப்பிடும். விஎன்சி என்பதும் இதே வகை மென்பொருள்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் பிறந்தது, 5900 போர்ட், திரையின் புள்ளிகளை அப்படியே அனுப்பும். ஆலைக்குள்ளேயே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நான் இவற்றைத்தான் வைத்திருக்கிறேன். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டாலும் ஓடும்.

மாங்கூழ்:
நான் ஜெர்மனியைப் பற்றிப் பேசினால் இவர் கேம்பிரிட்ஜைப் பற்றிப் பேசுகிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் ஐயா.

தொப்பூர்க் கணவாய்:
ஓசூர் நண்பரே, நன்றி, ஆனால் இந்த வாதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஆலையில் எல்லாக் கணினியிலும் விண்டோஸ் ப்ரோ இருக்கும். இங்கே மண்டிக்கடையில் இருப்பது ஹோம் பதிப்பு. அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பால் நுழையவே முடியாது. ப்ரோ இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நான் உள்ளே போனால் அங்கே கணக்கெழுதும் பெண்ணின் திரை பூட்டிக்கொள்ளும். உடனே எனக்குப் போன் வரும், "சார், கம்ப்யூட்டர் செத்துவிட்டது" என்று. பாடப்புத்தகம் வேறு, பஸ் நிலையம் எதிரே கடை வைப்பது வேறு.

ஓசூர் ஆலைக்காரன்:
நான் படித்தது பாடப்புத்தகம் என்றே இருக்கட்டும். 3389ஐ இணையத்துக்கு அப்படியே திறந்துவிட்டு வருவது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. அந்த வருடம் உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மோடத்தில் அந்தப் போர்ட் ஊருக்கெல்லாம் திறந்து கிடந்ததை இதே இடத்தில் நான் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

தொப்பூர்க் கணவாய்:
அது வாடிக்கையாளரின் மருமகன் திறந்தது. நான் அப்போதே சொல்லிவிட்டேன். பேச்சை மாற்றாதீர்கள், ஜெர்மனிக்கு வாருங்கள்.

மாங்கூழ்:
வந்துவிட்டேன், ஆதாரத்தோடு. டீம்வியூவர் ஓடும்போது, கணினி யாரோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளை போட்டுப் பார்த்தேன். இணைப்புப் பட்டியலில் 5938 என்ற போர்ட்டில் ஏதோ வெளிநாட்டு முகவரி. தருமபுரி முகவரி எதுவும் இல்லை! என்ன சொல்கிறீர்கள்?

தொப்பூர்க் கணவாய்:
அதைத்தான் சொன்னேனே, அறிமுகத்துக்கான இணைப்பு! அது எப்போதும் இருக்கும். நான் உள்ளே வராதபோதும் இருக்கும்.

ஓசூர் ஆலைக்காரன்:
இன்னொன்று. நேரடி இணைப்பு பெரும்பாலும் யுடிபி என்ற, நிலையான இணைப்பு வைக்காமல் தரவை அனுப்பும் முறையில் போகும். நெட்ஸ்டாட் பட்டியலில் யுடிபி வரிகளுக்கு எதிர்முனை முகவரி வராது, நட்சத்திரக் குறிதான் இருக்கும். ஆகவே தருமபுரி முகவரி அங்கே தெரியாதது எதையும் நிரூபிக்காது, இல்லை என்பதையும் சரி, உண்டு என்பதையும் சரி.

மாங்கூழ்:
தெரிந்தால் அறிமுகம், தெரியாவிட்டால் நட்சத்திரம். நல்ல ஜோசியம்.

தொப்பூர்க் கணவாய்:
சரி, கணக்காகவே பேசுவோம். கணக்குப்பிள்ளைக்குக் கணக்குதானே புரியும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நம் ஊரிலிருந்து ஜெர்மனி நேர்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். நான் தருமபுரியில் ஒரு தட்டு தட்டுகிறேன். அது ஜெர்மனி போய்க் கிருஷ்ணகிரி வர 15,000. மாறிய திரை அதே வழியில் என்னிடம் திரும்ப இன்னொரு 15,000. மொத்தம் 30,000 கிலோமீட்டர். கடலுக்கடியில் கேபிள் வளையாமல் நேராகப் போனாலும் 0.15 நொடி. இதற்குக் குறைந்து ஒளியாலேயே முடியாது. என் கடையில் மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு அந்தக் கணமே நகர்கிறது. இயற்பியலையும் நான்தான் ஏமாற்றுகிறேனா?

மாங்கூழ்:
0.15 நொடியா? என் மவுஸ் நகர இரண்டு நொடி ஆகிறது. அப்படியானால் ஜெர்மனியையும் தாண்டி எங்கோ போகிறது.

பாலக்கோடு தக்காளி:
நிலாவுக்குப் போய் வந்தால்கூடச் சுமார் இரண்டரை நொடிதான். கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்.

தொப்பூர்க் கணவாய்:
இரண்டு நொடி ஆவதற்குக் காரணம் உங்கள் ஆலையில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை ஓட்டுவது! திரையை அனுப்புகிற பக்கத்தின் பதிவேற்ற வேகம்தான் இங்கே முக்கியம். எல்லோரும் பதிவிறக்க வேகத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். போதாததற்கு அல்ஃபோன்சா மாம்பழப் படத்தை முழுத்திரைப் பின்னணியாக வைத்திருப்பீர்கள். பின்னணியை எடுத்துவிட்டு, படத் தரத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் வந்து ஜெர்மனியைத் திட்டுங்கள்.

ஓசூர் ஆலைக்காரன்:
ஹாட்ஸ்பாட் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அந்த மாதிரி இடத்தில் நேரடி இணைப்பு அடிக்கடி தோற்கும். தோற்றால் இடைச் சர்வர் வழியாகத்தான் திரை போகும். அந்தச் சர்வர் ஜெர்மனியில் இருக்க வேண்டியதில்லை. எங்கே போனாலும் உள்ளே 256 பிட் குறியாக்கம் இருக்கிறது. நடுவில் இருப்பவர் படிக்க முடியாது.

மாங்கூழ்:
ஒப்புக்கொண்டார்! ஓசூர் ஒப்புக்கொண்டது! என் ஆலையில் ஹாட்ஸ்பாட், ஆகவே இடைச் சர்வர், ஆகவே ஜெர்மனி.

ஓசூர் ஆலைக்காரன்:
நான் எழுதியதில் மூன்றாவது "ஆகவே" எங்கே இருக்கிறது?

தொப்பூர்க் கணவாய்:
பார்த்தீர்களா ஓசூர் நண்பரே, இதற்குத்தான் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அரூர் ஆசிரியை:
ஜெர்மனி, ஜெர்மனி என்று இவ்வளவு பேசுகிறீர்கள். பக்கத்தில் இருக்கிற திருடனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, இதே மென்பொருளைக் கைப்பேசியில் ஏற்றச் சொல்லி, அது காட்டும் எண்ணைக் கேட்டு வாங்கி, திரையில் வரும் ஓடிபியைப் படித்துப் பணத்தை உருவிவிடுகிறார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி எச்சரித்தது. என் உறவினர் ஒருவர் ஓய்வூதியத்தில் இப்படித்தான் ஏமாந்தார். குறியாக்கம் 256 பிட்டாக இருந்து என்ன பயன்? கதவை அவரே திறந்துவிட்டாரே. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். அதையாவது இங்கே யாராவது மேலே பொருத்தி வையுங்கள்.

மாங்கூழ்:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதோடு, 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் அமைப்புகளுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக அறிவித்துச் சான்றிதழ்களை எல்லாம் மாற்றியதே? எங்கே நடந்தது அது? ஜெர்மன் நிறுவனத்தில்!

அரூர் ஆசிரியை:
நான் சொன்னது அதுவல்ல.

தொப்பூர்க் கணவாய்:
டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் திருடன் பயன்படுத்துகிறான் என்பதற்காக நாங்கள் கடையை மூட முடியாது. முகம் தெரிந்தவரிடம் கணினியைக் கொடுங்கள், வேலை நடக்கும்போது எதிரில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் மென்பொருளை மூடுங்கள். நான் வேலை செய்யும்போது நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வந்தால் என் திரை கறுத்துவிடும். நிறுவாமல் சும்மா ஓட்டும் மென்பொருளுக்கு விண்டோஸ் அந்தப் பெட்டியைக் காட்டாது. அந்த இடத்தில் "ஆம்" என்று அழுத்த வேண்டியவர் வாடிக்கையாளர்தான். அங்கே அவர் டீ குடிக்கப் போயிருப்பார். நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பேன். இந்தத் தொழிலின் பாதி அந்தக் காத்திருப்புதான். இதையெல்லாம் அறியாமல் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஜெர்மனி என்கிறார்கள்.

மாங்கூழ்:
"கிருஷ்ணகிரிக்காரர்கள்" என்று பன்மையில் ஏன்? 2004 பிப்ரவரியில் நாங்கள் தனி மாவட்டம் ஆனதிலிருந்து உங்கள் ஊருக்கு வயிற்றெரிச்சல். மாந்தோப்பும் ஓசூர் ஆலைகளும் எங்களோடு வந்துவிட்டன அல்லவா.

தொப்பூர்க் கணவாய்:
ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகரிலிருந்து பேசுகிறீர்கள், நினைவிருக்கட்டும்.

பாலக்கோடு தக்காளி:
தருமபுரிக்கு மட்டும் என்ன, மொரப்பூர் இணைப்புப் பாதைக்கு எங்கள் தாத்தா காலத்திலிருந்து காத்திருக்கிறோம்.

ஓசூர் ஆலைக்காரன்:
ரயிலை விடுங்கள். மாங்கூழ் அவர்களுக்கு உண்மையிலேயே பயம் என்றால் வழி இருக்கிறது. ரஸ்ட்டெஸ்க் இதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள், நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம். அறிமுகச் சர்வரையும் இடைச் சர்வரையும் உங்கள் ஆலையிலேயே வைத்துக்கொள்ளலாம். திரை எங்கே போகிறது என்ற கேள்வியே எழாது.

மாங்கூழ்:
அந்தச் சர்வரை இரவும் பகலும் ஓட்டுவது யார்? மே, ஜூனில் பழம் வந்து இறங்கும் நேரத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் கூழ் எந்திரத்துக்கே போதாது. சர்வருக்கு நான் தனி டீசல் வாங்கட்டுமா?

தொப்பூர்க் கணவாய்:
மாதக் கட்டணம் கொடுத்தால் என் கடையில் வைத்து நானே ஓட்டித் தருகிறேன்.

மாங்கூழ்:
இப்போது தெரிகிறது இந்த இழை எதற்காகத் தொடங்கியது என்று.

தொப்பூர்க் கணவாய்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். இரண்டு மாவட்டத்திலும் என் கடைக்கு விளம்பரம் தேவையில்லை. மென்பொருளில் இணைப்பு விவரத்தைத் திறந்து திரையைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். நேரடியா, இடைச் சர்வரா என்று மென்பொருளே சொல்லும்.

மாங்கூழ்:
இப்போதுதான் முதல்முறை கேட்கிறீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

போச்சம்பள்ளி சந்தை:
பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன். கடையில் பிரிண்டர் காலையிலிருந்து அச்சடிக்கவில்லை. நாளை ஞாயிறு, சந்தை நாள், பில் இல்லாமல் முடியாது. யாராவது தொலைவிலிருந்து பார்த்துக் கொடுக்க முடியுமா? எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

அரூர் ஆசிரியை:
முன்பின் தெரியாதவர்களுக்கு எண்ணை அனுப்பாதீர்கள் என்று இப்போதுதானே எழுதினேன் தம்பி!

தொப்பூர்க் கணவாய்:
எனக்கு அனுப்புங்கள். கடைக்கு வந்து பார்த்த வாடிக்கையாளர்தான் நீங்கள். கடவுச்சொல் வேண்டாம், நான் அழைக்கும்போது "ஏற்றுக்கொள்" என்பதை அழுத்தினால் போதும்.

ஓசூர் ஆலைக்காரன்:
தேவையில்லை. அவர் எனக்கும் அனுப்பியிருந்தார். அச்சு வேலைகளை வரிசையில் அனுப்பும் ஸ்பூலர் நின்றிருந்தது, தேங்கிக் கிடந்த பழைய பில்களை அழித்துவிட்டுத் தொடங்கிவிட்டேன். அச்சு வருகிறது.

போச்சம்பள்ளி சந்தை:
வருகிறது, வருகிறது. நன்றி அண்ணா.

தொப்பூர்க் கணவாய்:
ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குவதெல்லாம் ஒரு ரிப்பேரா? பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றாமல் விட்டால் சந்தைக் கூட்டத்தில் மறுபடி நிற்கும். அப்போது ஓசூரிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

ஓசூர் ஆலைக்காரன்:
டிரைவரையும் மாற்றிவிட்டேன்.

தொப்பூர்க் கணவாய்:
எந்தப் பதிப்பு?