பிஎஸ்சி பிசிக்ஸ், 4 ஜிபி ராம் லேப்டாப்: இலவசமா என்னென்ன போடலாம்?

மன்னை_பிசிக்ஸ்:
வணக்கம். நான் மன்னார்குடி பக்கம், பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். குறுவை நெல்லு போட்ட காசுல அப்பா ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தந்திருக்காங்க, 4 ஜிபி ராம்தான். கிளாஸ்ல மேட்லாப்னு காசு குடுத்து வாங்கற கணக்கு சாஃப்ட்வேர் வச்சு சொல்லித்தராங்க, பசங்க கிராக் காப்பிய பென்டிரைவ்ல சுத்த விடறாங்க, எனக்கு அதைப் போட மனசு வரல, வைரஸ் ஏறி லேப்டாப் போச்சுன்னா அடுத்தது வாங்க வழியில்ல. ரெக்கார்டுக்கு கிராஃப் போடணும், கணக்கு பாக்கணும், தமிழ்ல சொல்லித்தர வீடியோ இருந்தா ரொம்ப நல்லது. வீட்ல நெட்டுன்னா போன் ஹாட்ஸ்பாட்தான்.

குடந்தை_அக்கா:
தம்பி, கிராக் வேணாம்னு இருக்க பாரு, அதுல உறுதியா இரு. மேட்லாபுக்கு பதிலா ஆக்டேவ் போடு. முழுக்க இலவசம், கிளாஸ்ல எழுதித்தர சின்ன ப்ரோக்ராம்லாம் பெரும்பாலும் மாத்தாமயே ஓடும். மேட்லாப்ல கட்டங்கள இணைச்சு மாடல் போடற சிமுலிங்க் மாதிரி வேணும்னா, சைலாப்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல எக்ஸ்காஸ் இருக்கு. இன்டக்ரேஷன எண்ணா இல்லாம ஃபார்முலாவாவே போட்டு விடை வேணும்னா மேக்சிமா.

ரெக்கார்டு கிராஃபுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கே போதும். ப்ரிசம் ஐ-டி கர்வ் (படுகோணம் ஐ, விலகு கோணம் டி) போடறப்ப சார்ட் வகைல லைன்னு குடுத்துடாத, அது ஐ வேல்யூவ எல்லாம் சம இடைவெளில வச்சுடும், கர்வ் கோணிப்போகும். எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்தான் எடுக்கணும், அதுமேல பாலினாமியல் ட்ரெண்ட் லைன் போட்டா மினிமம் டீவியேஷன் பளிச்சுனு தெரியும். ப்ரிசம் கோணம் ஏ 60, மினிமம் டீவியேஷன் டி 38 டிகிரின்னு வந்தா, ஒளிவிலகல் எண்ணுக்கு ஏ கூட்டல் டில பாதி 49, ஏல பாதி 30, சைன் 49ஐ சைன் 30ஆல வகுக்கணும், 1.51 வரும். ஆனா கால்க்கு கோணத்த ரேடியன்ல தான் எடுத்துக்கும், 49ஐ அப்படியே போட்டா சைன் மதிப்பே மைனஸ்ல வரும், ரெண்டு கோணத்தையும் ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள்ள வச்சுக் குடு.

தமிழ் வீடியோவுக்கு ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல் பாரு. சின்னச் சின்ன வீடியோ, லிப்ரே ஆபீஸ், ஈக்வேஷனோட ரிப்போர்ட் அடிக்கற லேடெக்கெல்லாம் தமிழ்லயே இருக்கு. பாதி ஸ்கிரீன்ல வீடியோ, பாதில சாஃப்ட்வேர், நிறுத்தி நிறுத்தி கூடவே செய். சும்மா பாத்துட்டுப் போனா ஒண்ணும் நிக்காது.

ஆரூர்_வாத்தியார்:
அக்கா சொன்னதெல்லாம் சரி. நெட்டு கம்மிங்கறதால இதையும் சொல்றேன் தம்பி. கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் சிமுலேஷன் இருக்கு, நோபல் வாங்கின கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சது. அதுல எச்டிஎம்எல் ஃபைல காலேஜ் வைஃபைல இறக்கி பென்டிரைவ்ல கொண்டுபோயிட்டா வீட்ல நெட்டே இல்லாம ப்ரௌசர்ல ஓடும், அலை, சர்க்யூட்னு நம்ம சிலபஸ்ல வர்ற நிறைய விஷயம் இருக்கு. புத்தகத்துக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ், யுனிவர்சிட்டி பிசிக்ஸ் மூணு பாகமும் பிடிஎஃப்பா சட்டப்படியே இலவசம், கணக்கு ஏராளம். பைத்தான் கத்துக்க கூகுள் கோலாப் நல்லது, கணக்கு அவங்க சர்வர்ல ஓடறதால உங்க 4 ஜிபி ஒரு தடையே இல்ல, நெட்டு மட்டும் இருக்கணும். விண்டோஸ் திணறுச்சுன்னா அதுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துல, ராம் கம்மியா எடுக்கற எக்ஸ்எஃப்சிஇ வகைய போடுங்க. அதுக்கு முன்னாடி இருக்கற ஃபைலையெல்லாம் பென்டிரைவ்ல எடுத்து வச்சுடுங்க.

பட்டுக்கோட்டை_பாட்டனி:
நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கங்க. எங்களுக்கு நெல்லு இலைப் பரப்பு அளக்கற ப்ராஜெக்ட், கிராஃப் ஷீட்ல கட்டம் எண்ணியே கண்ணு வலிக்குது. இதுக்கு ஏதாவது இருக்கா அக்கா?

குடந்தை_அக்கா:
இருக்கும்மா, இமேஜ்ஜே. அமெரிக்க என்ஐஎச் உருவாக்கினது, இலவசம். இலைய வெள்ளைப் பேப்பர்ல சுருளாம ஒட்டி, பக்கத்துல ஸ்கேல் வச்சு, நேரா மேலேர்ந்து போட்டோ எடு, சாய்ச்சு எடுத்தா அளவு தப்பும். ஸ்கேல்ல 5 சென்டிமீட்டர் தூரத்துக்கு கோடு இழுத்து செட் ஸ்கேல்ல குடு, அப்புறம் த்ரெஷோல்டு (நிற அடர்த்திய வச்சுப் பிரிக்கறது) போட்டு இலைய மட்டும் பிரிச்சு மெஷர் குடு, பரப்பு சதுர சென்டிமீட்டர்ல வந்துடும். நெல்லு இலை பறிச்ச கொஞ்ச நேரத்துல சுருண்டுக்கும், அதனால வயல்லயே போட்டோ எடுத்துடு.

மன்னை_பிசிக்ஸ்:
ரொம்ப நன்றிக்கா, நன்றி சார். ஆக்டேவும் ஃபெட் ஃபைலும் நாளைக்கு காலேஜ்ல இறக்கிடறேன். ஐ-டி கர்வ் போட்டுட்டு இங்கயே படம் போடறேன், சரியான்னு பாத்துச் சொல்லுங்க.