நூலக அறிமுக வகுப்பு: திட்டமிட்டதா, போகிற போக்கிலா?

கார்டு_கேட்டலாக்:
முதலாண்டு மாணவர்களுக்கான நூலக அறிமுக வகுப்பில் பவர்பாயின்ட்டை ஓரமாக வைத்துவிட்டேன். "யாருக்கு என்ன அசைன்மென்ட்?" என்று கேட்டு, வருகிற தலைப்பை அங்கேயே ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், தேடிக் காட்டுகிறேன். கூட வேலை பார்ப்பவர் இதை 'தயாரிக்காமல் வந்து ஒப்பேற்றுவது' என்கிறார். உங்கள் கருத்து?

மதுரை_நூலகி:
நான் அவர் பக்கம்தான் சார். ஏ பிரிவில் ஒருவன் கேட்டான் என்று, கல்லூரிகளுக்கு மின்னூல் தரும் என்-லிஸ்ட் தளத்தைக் காட்டுவீர்கள். பி பிரிவில் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே மின்னூல் படிக்கலாம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வருடம்தான் தெரியவரும். இது என்ன நியாயம்?

கார்டு_கேட்டலாக்:
என்-லிஸ்ட்டை யார் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன் மேடம். மற்றது வகுப்பின் கையில். ஒரு பெண் கீழடி என்றாள். ஆங்கில எழுத்தில், 'ழ'வுக்கு 'எல்' போட்டுத் தேடினேன், கொஞ்சம்தான் வந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "சார், இசட் ஹெச் போட்டுப் பாருங்க" என்றான். வேறு புத்தகங்கள் வந்தன. தமிழிலேயே தட்டினால் இன்னொரு பட்டியல். அலமாரிக்குப் போனால் சில 934இல், சில 954.82இல். பண்டைய இந்தியா ஓரிடம், தமிழ்நாடு ஓரிடம். "ஏன் சார் பிரிச்சு வெச்சிருக்கீங்க?" என்று அவர்களே கேட்டார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் பாடம் தொடங்கிவிட்டது.

மதுரை_நூலகி:
அருமை. ஆனால் அதே கீழடியை நான் திட்டத்திலேயே வைப்பேன். முதல் தேடல் சொதப்பும் என்று தெரிந்தேதான் தட்டுவேன். எல்லாப் பிரிவுக்கும் அதே அனுபவம் கிடைக்கும். உங்கள் முறையில் அந்தப் பின் வரிசைப் பையன் அன்றைக்கு லீவு என்றால்? சர்வர் படுத்துவிட்டால்? என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நான்காம் விதி. ஒருத்தியின் தலைப்புக்காக மொத்த வகுப்பையும் காக்க வைக்கிறீர்கள்.

கார்டு_கேட்டலாக்:
அவர் அந்த விதிகளை எழுதிய அதே 1931 புத்தகத்தில் இரண்டாம் விதியும் இருக்கிறதே, 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று! சொதப்பப் போவது தெரிந்தே தேடினால் அது நடிப்பு மேடம். பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

புது_எம்லிப்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் எந்தப் புத்தகம் எந்த எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கிறது என்பதே இன்னும் பிடிபடவில்லை. கார்டு சார் செய்வதை நான் செய்தால் அம்பேல்தான். அவருக்கு அந்தக் கேட்டலாக் அத்துப்படி. தயாரிக்காமல் வருவதாகச் சொல்கிறார், ஆனால் இத்தனை வருடம் தயாரித்திருக்கிறாரே.

மதுரை_நூலகி:
நான் சொல்ல வந்ததை இந்தத் தம்பி சொல்லிவிட்டார். இன்னொன்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு 'என்ன நடத்தினீர்கள்?' என்றால் எந்தக் கோப்பைக் காட்டுவீர்கள்?

கார்டு_கேட்டலாக்:
தம்பி சொல்வதில் பாதி சரி. அதனால்தான் புதிதாக வருபவரைத் தனியாக நிறுத்தாமல் என்னோடு நிற்க வைக்கிறேன். கோப்பா? வகுப்பில் தேடிய சொற்கள், கிடைத்தது, கிடைக்காதது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைக்கிறேன். ஸ்லைடுகளை அச்சடித்துக் கொடுப்பதைவிட அது உருப்படியான ஆவணம்.

மதுரை_நூலகி:
சரி, அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு மிச்சச் சண்டையைப் போடுகிறேன்.