ஐந்தாம் தலைமுறை கோல்ஃபின் சக்கரங்களை ஏழாம் தலைமுறை வண்டியில் மாட்டலாமா?

நெடுஞ்சாலை:
என்னிடமிருந்த ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை விற்றபோது, அதன் நான்கு 16 அங்குல அலாய் சக்கரங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது ஓட்டுவது ஏழாம் தலைமுறை கோல்ஃப். இரண்டிலும் ஐந்து போல்ட்கள் 112 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்துள்ளன. ஹப்பில், அதாவது சக்கரம் பொருந்தும் அச்சு முனையில், உட்காரும் சக்கரத்தின் நடுத்துளை 57.1 மில்லிமீட்டர், போல்ட் 14 மில்லிமீட்டர் தடிமன், மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ரிம்மின் அகலமும் ஒன்றே, 6.5 அங்குலம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் காட்டும் ஆஃப்செட், பழையதில் 50 மில்லிமீட்டர் என்றும் புதியதில் 46 என்றும் பொறித்திருக்கிறது. மாட்டலாம் என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

பட்டறைவாசி:
துளைகள் பொருந்துவதால் மட்டும் சக்கரம் பொருந்திவிடாது, நண்பரே. ஆஃப்செட் கூடினால் சக்கரம் உள்ளே போகும். உங்கள் கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் 4 மில்லிமீட்டர் உள்ளே போய், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 8 மில்லிமீட்டர் குறைகிறது. டயரின் உட்பக்கம் சஸ்பென்ஷன் தூணுக்கு அவ்வளவு நெருக்கமாக வரும். ஸ்டியரிங்கின் பிடிப்பும் சற்று மாறும். ரிம்மின் உட்குழிவு, பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு இடம் விடுகிறதா என்பதை எந்த அளவுப் பட்டியலும் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாண்டுகளுக்கு மேல் குழியிலும் மேட்டிலும் அடிபட்ட அலுமினியத்தை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நெடுஞ்சாலை:
காலிப்பர் பற்றிய ஐயம் எனக்கும் இருந்தது. அதனால் முன்பக்கக் காலிப்பரின் வெளிமுகத்தில் இரண்டு இடங்களில் சிறு களிமண் உருண்டைகளை ஒட்டி, பழைய சக்கரத்தை மாட்டி, கையால் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். நசுங்கிய களிமண்ணின் தடிமன், அதாவது சக்கரத்துக்கும் காலிப்பருக்கும் உள்ள இடைவெளி, ஓரிடத்தில் 6 மில்லிமீட்டர், மற்றோரிடத்தில் 8 மில்லிமீட்டர். ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பியபோதும் டயர் எதிலும் உரசவில்லை. 205/55 அளவு டயரையே போடுவதால் ஸ்பீடோமீட்டரும் பிழையாகக் காட்டாது. காற்றழுத்த எச்சரிக்கையும் இந்த வண்டியில் ஏபிஎஸ் உணரிகள் வழியாகச் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே இயங்குவதால், சக்கரத்துக்குள் தனி உணரி தேவையில்லை.

அளவுகோல்:
பட்டறைவாசி ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் அதை எல்லாப் பழைய சக்கரங்களுக்கும் பொதுவாக்குவது சரியன்று. நான்காம் தலைமுறையின் சக்கரத்தில் போல்ட் வட்டம் 100 மில்லிமீட்டர். அதைப் புதிய வண்டியில் மாட்ட அடாப்டர் தேடுபவரை நானே தடுப்பேன். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. ரிம்மில் பொறித்துள்ள சுமை எண்ணை வண்டியின் தகட்டிலுள்ள அச்சுச் சுமையோடு ஒப்பிடுங்கள்: அச்சுக்கு 1,050 கிலோ என்றால் ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 525 கிலோ தாங்க வேண்டும்.

நெடுஞ்சாலையாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஆஃப்செட்டைச் சரிக்கட்ட ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் தட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால், பழைய போல்டோடு அதைச் செய்துவிடாதீர்கள். 1.5 மில்லிமீட்டர் மரையில் 5 மில்லிமீட்டர் என்பது மூன்று சுற்றுக்கும் மேல். அத்தனை சுற்று குறைவாகவே போல்ட் ஹப்பைப் பிடித்திருக்கும்.

பட்டறைவாசி:
ஸ்பேசர் விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் போல்டின் இருக்கையை, அதாவது போல்டின் தலை சக்கரத்தில் அமரும் குழியை, இருவருமே பேசவில்லை. கோல்ஃபின் சொந்தச் சக்கரங்களில் அந்த இருக்கை பந்துபோல் வளைந்திருக்கும். வெளிச்சந்தைச் சக்கரங்கள் பலவற்றில் கூம்பு வடிவம். பந்து இருக்கையில் கூம்புப் போல்டை முறுக்கிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. போல்டைக் கழற்றினால், இருக்கையில் நூல்போன்ற ஒரே ஒரு வளையம் மட்டும் பளபளத்தது. சுற்றிலும் கருத்த அலுமினியப் பொடி. முறுக்கு விசை முழுவதும் அந்த நூல்மீதே நின்றிருக்கிறது. சில நாள் ஓட்டத்தில் ஐந்து போல்ட்களும் தளர்ந்துவிட்டன.

நெடுஞ்சாலை:
அதைக் கவனிக்காதது என் தவறு. இன்று பார்த்துவிட்டேன், என்னுடையவை கம்பெனிப் பந்துப் போல்ட்களே. ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். நான்கு ரிம்களின் உள்விளிம்பையும் பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்ததில் மூன்று நேராக ஓடுகின்றன. நான்காவதில், பழைய குழியடியின் பக்கத்தில், முடிபோன்ற விரிசல் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அதே பாக எண்ணில் ஒன்றைத் தேடுகிறேன். மற்ற மூன்றையும் கைவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

பட்டறைவாசி:
அந்த விரிசல்தான் என் காரணம். மூன்றையும், கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாயம் பூசிக் காட்டும் சாய ஊடுருவல் சோதனைக்கு அனுப்பி, சுத்தமாக வந்தால் மாட்டுங்கள். அதன்பின் நான் மறுக்கமாட்டேன். மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் போல்ட்களை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.