அப்பாவின் ஃபைபர் படகு வெயிலில் வெளுத்து மாவு மாவாக உதிர்கிறது, என்ன செய்யலாம்?

ஆற்காட்டுத்துறை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு வேதாரண்யம் பக்கம் ஆற்காட்டுத்துறை. அப்பாவிடம் 28 அடி ஃபைபர் படகு இருக்கிறது, 2016இல் வாங்கியது. வெளியே நீலம், உள்ளே வெள்ளை. வாங்கிய புதிதில் அந்த நீலத்தில் முகம் பார்க்கலாம். இப்போது சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கையால் தடவினால் விபூதி மாதிரி ஒட்டுகிறது. படகைத் தள்ளிவிட்டு ஏறினால் சட்டையெல்லாம் நீலம்.

கரையில் எப்போதும் அணியம், அதாவது படகின் முன்முனை, கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். அதனால் வலப்பக்கம் தெற்கு வெயிலை வாங்குகிறது. அந்தப் பக்கம்தான் மோசம், இடப்பக்கம் பரவாயில்லை. அணியத்தில் அப்பாவைப் பெற்ற ஆத்தாவின் பெயரை எழுதியிருக்கிறோம். வலப்பக்கம் அதில் பாதி எழுத்து போய்விட்டது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். ஆனால் போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். எனக்கு மனது கேட்கவில்லை.

ஒருவர் டீசலைத் துணியில் நனைத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்தோம், இரண்டு நாள் பளபளப்பு. அப்புறம் மணலும் தூசியும் அப்பிக்கொண்டது. பெயின்ட் கடையில், மேலேயே எனாமல் பெயின்ட் அடித்துவிடு என்கிறார்கள். அடிக்கலாமா? இந்த மாவு உதிர உதிர உள்ளே ஃபைபரும் போய்விடுமா?

கூடவே இன்னொன்று. மீன் ஏற்றும் எங்கள் சின்ன லோடு வண்டியின் முன்பக்கத்தில் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் பளபளப்பு, பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. அதற்கும் இதே வைத்தியமா?

நாகை ஃபைபர் பட்டறை

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். உதிர்வது ஃபைபர் இல்லை, அதற்கு மேலே இருக்கும் ஜெல் கோட். நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசின்தான் அது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்த ரெசினின் பிணைப்பை அறுத்துவிடும். பிடித்துக்கொண்டிருந்த ரெசின் போனதும் நிறப்பொடி தனியாக நிற்கும். கையில் ஒட்டுவது அதுதான். வெள்ளைப் படகிலும் இதே நடக்கும், கண்ணுக்குத் தெரியாது. நீலம், சிவப்பு என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு குடம் நல்ல தண்ணீரை வலப்பக்கம் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் பழைய நீலம் திரும்பினால் கோட் இன்னும் இருக்கிறது, தேய்த்தே எடுத்துவிடலாம். நனைந்தும் திட்டுத் திட்டாக வெளுப்பாகவே இருந்தால், அல்லது கண்ணாடி நாரின் பின்னல் தெரிந்தால், அந்த இடத்தில் கோட் முடிந்துவிட்டது.

ஜெல் கோட் மொத்தமே சுமார் அரை மில்லிமீட்டர், கைவிரல் நகத்தின் கனம். வருடா வருடம் தேய்த்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு தடவை ஒழுங்காகத் தேய்த்து, அதற்கு மேல் மெழுகைக் காப்பாகப் போடுங்கள். அப்புறம் வெயில் முதலில் மெழுகைத்தான் தின்னும்.

உப்பு போகச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள், 800 நம்பரில் தொடங்கி இன்னும் நைசான 1000, 1500 என்று தண்ணீர் விட்டு விட்டுத் தேயுங்கள். லேசான மாவுதான் என்றால் பேப்பரே வேண்டாம், தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டு போதும். மெருகேற்றும் பஃபிங் மிஷினை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். கட்டிங் வேலைக்கு வைத்திருக்கும் கிரைண்டரில் பஃப் மாட்டி ஓட்டாதீர்கள், ஒரே இடத்தில் நின்றால் கோட் கருகிவிடும். காலை எட்டு மணிக்குள் முடிப்பது நல்லது. படகு சூடேறினால் காம்பவுண்டு காய்ந்து அப்பிக்கொள்ளும். கடைசியாக மெழுகு, இரண்டு கை. கார்னாபா மெழுகு நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. பாலிமர் சீலன்ட் இன்னும் கொஞ்சம் கூட நிற்கும். தை பிறந்ததும் ஒரு தடவை, கத்திரிக்கு முன்னால் ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

மாவின் மேல் எனாமல் அடித்தால் அது படகைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். செதில் செதிலாக உரிந்துவிடும். கோட் முடிந்த இடத்துக்குப் புது ஜெல் கோட்தான் சரி. ஆனால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்கச் சொல்லுங்கள். வெறும் ஜெல் கோட் காற்றுப் படும் பக்கம் முழுதாக இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். இதை விட்டுவிட்டு, பொருள் சரியில்லை என்று அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிங்கரிங் பெயின்டிங், தூத்துக்குடி

வண்டிக்கு மட்டும் சொல்கிறேன். அங்கே நிறத்துக்கு மேலே கிளியர் கோட் இருக்கும். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி அளவுகூட வராது. மங்கலாக இருக்கும்போதே வந்திருந்தால் பாலிஷ் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். உரிய ஆரம்பித்த பிறகு பாலிஷ் போட்டால் ஓரம் இன்னும் தூக்கும். அந்தப் பாகத்தை முழுதாகத் தேய்த்து, நிறமும் கிளியரும் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, படகுக்கும் பொருந்தும். சிலிக்கான் கலந்த பளபளப்புத் திரவம் எதையும் தடவாதீர்கள். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் குழி குழியாக விலகி நிற்கும்.

கோடியக்கரை பெரியவர்

வள்ளத்துக்கு நாங்கள் மீன் எண்ணெய் தடவுவோம், மரம் குடித்துக்கொள்ளும். ஃபைபர் குடிக்காது. டீசல் மேலேயே நின்று மணலைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

நிழலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே தம்பி. தொழிலுக்குப் போகாத நாளில் நாலு கழி நட்டு, தென்னங்கீற்றைச் சாய்வாகக் கட்டுங்கள். தெற்குப் பக்கம் தாழ்வாக இறக்கிவிடுங்கள். நீலத் தார்ப்பாயைப் படகின் மேலேயே போர்த்த வேண்டாம். ஈரம் அடியில் நிற்கும், காற்றில் மணலோடு சேர்ந்து படகை உரசும். வெயிலில் அதுவே நார் நாராகக் கிழிந்து கடலுக்குப் போகிறது, பார்க்கவே சகிக்கவில்லை. கீற்றுக்குக் காற்றோட்டம் உண்டு, இற்றுப்போனாலும் மண்தான்.

ஆற்காட்டுத்துறை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இடப்பக்கம் முழுக்க நீலம் திரும்பிவிட்டது. வலப்பக்கமும் பெரும்பாலும் சரிதான். அமரத்தின் பக்கம், அதாவது பின்முனையில், இரண்டு சாண் அளவு மட்டும் பின்னல் தெரிகிறது, அதற்குப் புது ஜெல் கோட் போட ஆள் பேசப் போகிறேன். நனைந்தபோது ஆத்தாவின் பெயரில் போன எழுத்துகளின் தடம்கூடத் தெரிந்தது. அப்பா அது காயும்வரை அங்கேயே நின்றார். கீற்று வாங்க அவரே கிளம்பிவிட்டார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பெயரையும் பதிவு எண்ணையும் மெழுகுக்கு முன்னால் எழுதுவதா, பின்னாலா?

நாகை ஃபைபர் பட்டறை

முன்னால். மெழுகின் மேல் எழுத்து நிற்காது. தேய்த்து முடித்ததும் தின்னர் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு பொருள் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் காயட்டும், அப்புறம் எழுத்தின் மேலேயும் சேர்த்தே மெழுகு போடுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் அந்தத் தடத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதே எழுத்து வரும்.