புதுப்பிப்பு: ஒலிக்கூச்சம் உள்ள சிறுவனுக்கான இசை, மூன்று வாரங்களுக்குப் பின்

மெல்லிய ஓசைகூடக் காதில் குத்துவதாகச் சொல்லும் என் அக்கா மகனுக்கு எந்த இசை ஒத்துவரும் என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். வேகம் குறைந்த பியானோ இசையைப் பலரும் பரிந்துரைத்திருந்தீர்கள். அது சரிப்படவில்லை. எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் நிசப்தத்திலிருந்து ஓர் அடியாகவே புறப்படுவதால், அடுத்தது எப்போது விழுமோ என்று அவன் தோள்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். (பியானோவுக்குள் கம்பியைத் தட்டுவது உண்மையிலேயே சிறு சுத்தியல்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.)

ஒலி படிப்படியாக எழுந்து அடங்கும் செல்லோவும் (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய கருவி) தாழ்ந்த சுருதிப் புல்லாங்குழலும் அவனுக்கு ஒத்துப்போயின. மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியை ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியின் ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) சற்றுக் குறைத்ததும் உதவியது. என் அனுபவத்தில் ஒலியளவைவிட அதன் திடீர் ஏற்றமே பெரிய தொல்லை. 10 டெசிபல் கூடினாலே சத்தம் ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும் என்பதால், எதையும் முதலில் நானே கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் அவனுக்குப் போடுகிறேன். அடுத்த பாடலுக்குத் தானாகத் தாவும் வசதியையும் நிறுத்திவிட்டேன்.

நாள் முழுவதும் காதடைப்பான் அணிவிக்கலாம் என்ற யோசனையைச் செவிப்புலன் நிபுணர் ஏற்கவில்லை. நிசப்தத்திற்கே பழகிய காது மேலும் கூசத் தொடங்கும் என்றார்.

ஒலியளவுக் குமிழ் இப்போது அவன் கையிலேயே இருக்கிறது. நேற்று 20 நிமிடம் கேட்டான். ஒரே ஒரு முறைதான் குறைத்தான்.