செக்வெஸ்ட்ரம்: 'எலும்புச் சிராய்' சரியாக இருக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

தாடைச் சீரமைப்பு அறுவைக்குப் பிறகு எலும்பில் தொற்று வந்தவர்களுக்காக ஒரு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தொற்றுக்கு, அதாவது ஆஸ்டியோமைலிடிஸுக்கு, 'எலும்பு மச்சை அழற்சி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும். தொற்றில் இறந்து, உயிருள்ள எலும்பிலிருந்து தனியே கழன்றுவிடும் துண்டுக்கு, அதாவது செக்வெஸ்ட்ரத்துக்குத்தான் நல்ல சொல் வேண்டும்.

இதற்கு இங்கே பரிந்துரையாக வந்த 'இறந்த எலும்பு' பாதியைத்தான் சொல்கிறது. கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகும் வைத்து நிறுத்துகிறோம். அங்கே கிருமி புகுந்து சீழ் கட்டினால் உள்ளழுத்தம் கூடி இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு இரத்த ஓட்டம் குறைவு, வெளிப்புற எலும்பும் கெட்டி. அதனால் ஒரு பகுதி உயிரிழந்துவிடுகிறது. அது இறந்த எலும்பு, சரி. அப்புறம் உடல் அதைச் சுற்றி அரித்து, உயிருள்ள எலும்பிலிருந்து கழற்றிவிடுகிறது. சி.டி. படத்தில் கருப்பு வளையத்துக்கு நடுவே வெள்ளைத் துண்டாகத் தெரிவது இதுதான். அப்படிக் கழன்றதற்குத்தான் செக்வெஸ்ட்ரம் என்று பெயர்.

இன்னொரு பரிந்துரையான 'பட்ட எலும்பு' அழகான சொல். ஆனால் நோயாளி அதை அடிபட்ட எலும்பு என்றுதான் படிப்பார்.

"வாரக்கணக்கா மாத்திரை சாப்பிடறேன் டாக்டர், ஏன் இன்னும் சீழ் வருது?" என்று கேட்பவருக்கு நாம் வைக்கும் சொல்லே பதிலாக இருக்க வேண்டும். மருந்து இரத்தத்தோடு போவது. இரத்தமே போகாத துண்டுக்குள் அது எப்படிப் போகும்? விரலில் ஏறிய சிராயை எடுக்காமல் புண் ஆறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 'எலும்புச் சிராய்'. அதை எடுக்கும் அறுவை 'சிராய் நீக்கம்'. சுற்றி வளரும் புது எலும்புக்குப் 'புத்தெலும்பு உறை'.

சிராய் வெளியிலிருந்து ஏறுவது, சிறியது என்ற மறுப்பு வரும். நியாயம்தான். 'எலும்பு' என்ற அடை முதல் ஐயத்தைத் தீர்க்கும் என நினைக்கிறேன். அளவு பற்றிய ஐயம் எனக்கும் உண்டு. தாடையில் சில நேரம் பெரிய துண்டே கழன்று வரும்.

தகட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளந்த எலும்பு ஒட்டிக் கூடியிருந்தால் தகட்டை எடுத்துவிடலாம். கூடவில்லை, தகடும் ஆடாமல் உறுதியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் கூடும்வரை விட்டுவைப்போம். திருகு தளர்ந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். இதனால்தான் 'அயற்பொருள்' என்ற பரிந்துரையையும் ஏற்க முடியவில்லை. அது தகட்டுக்கும் பொருந்திவிடுகிறது.

இலங்கை நண்பர்கள் 'என்பு' என்றே எழுதுவீர்கள். 'என்புச் சிராய்' உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறதா?